தாள் இல்லாமல் வாசித்தவள்

"இசைக்குறிப்புத் தாளை வைத்துக்கொண்டே வாசிக்கட்டுமா, சார்?" என்று அந்த மாணவி கேட்டபோது, "வேண்டாம், உனக்கு அது தேவைப்படாது" என்றேன். மேடையில் ஒரு சுரமும் பிசகாமல் வாசித்து முடித்தாள். உள்ளே வந்ததும், "அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்பதைத் தவிர வேறொன்றும் என் காதில் விழவில்லை, சார்" என்றாள். பியானோ கச்சேரியிலும் கற்பிப்பதிலுமே காலத்தைக் கழித்த என்னை அந்தப் பேச்சு இன்னும் விட்டபாடில்லை.

அவள் வாசித்தது பீத்தோவன் 1821இல் எழுதிய ஓபஸ் 110 (படைப்பு எண் 110) என்ற பியானோ சொனாட்டா. அதன் இறுதிப் பகுதியில் ஃபியூக் இரண்டு முறை வருகிறது; 'குரல்கள்' எனப்படும் பல மெட்டு இழைகள் ஒரே கருப்பொருளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னிச் செல்லும் அமைப்பு அது. முதலில் படிப்படியாக மேலேறும் கருப்பொருள், இரண்டாம் முறை தலைகீழாகி இறங்குகிறது. மூன்று குரல்களை இரண்டு கைகள் பங்கிட்டுக்கொள்வதால், வலக்கையில் இருக்கும் நடுக்குரல் திடீரென்று இடக்கைக்குப் போய்விடும். ஒரே கருப்பொருள் வெவ்வேறு சுருதிகளில் திரும்பத் திரும்ப வரும்போது, பழக்கத்தை மட்டும் நம்பிய விரல்கள் ஏற்கெனவே போன பாதைக்கே திரும்பிவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு குரலையும் தனித்தனியே பாடவும், எந்த இடத்தைச் சொன்னாலும் அங்கிருந்து தொடங்கவும் தெரியும்வரை நான் அவளை விடவில்லை. அப்படிப் பயின்றவளுக்குத் தாள் எதற்கு என்பதே என் வாதம். பல சர்வதேசப் போட்டிகளில் தனி வாசிப்பை நினைவிலிருந்துதான் வாசிக்க வேண்டும். அதற்கு அவளைத் தயார்செய்யாமல் விடுவது ஆசிரியரின் வேலையாகாது.

ஆயினும் இந்த வழக்கம் தொன்றுதொட்டு வந்ததன்று. 1837இல் பெர்லினில் பியானோ கலைஞர் கிளாரா வீக், பின்னாளில் கிளாரா ஷூமன், தாளின்றி வாசித்தபோது அதை ஆணவம் என்று குறை சொன்னவர்கள் இருந்தார்கள். பியானோ மேதை ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் தம் பிற்காலத்தில் இருட்டிய அரங்கில் ஒரு சிறு விளக்கொளியில் தாளைப் பார்த்தே வாசித்தார். அவர் வாசிப்பு அதனால் குறைந்ததென்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. இதெல்லாம் தெரிந்துதான் அவளுக்கு மறுப்புச் சொன்னேன்.

என்னை உறுத்துவது ஃபியூக்கைவிட அதற்கு முந்தைய இடம்தான். ஜி மேஜர் கார்ட் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) ஒன்று பத்து முறை ஒலித்து, ஒவ்வொரு முறையும் வலுத்து வளர்கிறது. அதன் பின் தலைகீழ் ஃபியூக் தொடங்குமிடத்தில் 'சிறிது சிறிதாக மீண்டும் உயிர்பெற்று' என்று பீத்தோவன் குறித்திருக்கிறார். அந்தப் பத்தையும் அவள் சற்று விரைவாகக் கடந்தாள். அரங்கில் இருந்த நான் அதை அவளுடைய தேர்வென்றே எண்ணினேன். அவளோ அப்போதே அடுத்த ஃபியூக்கின் முதல் சுரங்களை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாளாம். ஒலி வளர்வதைக் கேட்டு நிற்பதற்கென்றே எழுதப்பட்ட இடத்தில் அவள் எதையும் கேட்கவில்லை.

தாள் இருந்திருந்தால் கேட்டிருப்பாளா? பக்கம் திருப்பும் பதற்றம் அந்த இடத்தைப் பிடித்திருக்கலாம். மனப்பாடம் இன்னும் ஆழமாகியிருந்தால் மறந்துவிடுமோ என்ற அச்சமே எழுந்திராது என்றும் சொல்லலாம். ஆனால் அதைவிட ஆழமாக ஒருவரைப் பயிற்றுவிக்கும் வழி எனக்குத் தெரியாது.

இப்போது தாள் வேண்டுமா வேண்டாமா என்பதை மாணவர்களிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் நான் மட்டும் இன்றுவரை தாளின்றியே மேடையேறுகிறேன். காரணம் கேட்டால், எனக்கு அது தேவைப்படாது என்றுதான் சொல்கிறேன்.