முடிஞ்சிருச்சு, முடிச்சுட்டேன், நான்தான் முடிச்சேன்

ஜூன் 3, 2025, செவ்வாய்

நேர்காணலுக்குத் தயாராகிற பிள்ளைகளிடம் முதலில் வாங்க வேண்டியது ஒன்றரை நிமிட அறிமுகம். கைபேசியில் பதிவு செய்து, போட்டுக் கேட்டு, ஒரு சொல் விடாமல் தாளில் எழுதச் சொல்ல வேண்டும். 'வந்து', 'அது என்னன்னா' எல்லாவற்றையும் சேர்த்துத்தான். பிறகு 'நான்', 'தான்', 'எல்லாம்', 'தெரியும்' என்ற நான்கு சொற்களையும் சிவப்பு மையில் சுழிக்க வேண்டும். 'திமிராப் பேசுது' என்று பெயர் வாங்கித் தருவது பெரும்பாலும் இந்த நான்கும்தான். சொன்ன செய்தியில் குற்றம் இருக்காது.

தமிழில் வினைமுற்றுக்குள்ளேயே ஆள் இருக்கிறார். 'செஞ்சேன்' என்றாலே செய்தவர் யாரென்று தெரிந்துவிடும். அதற்கு மேலும் வரிக்கு வரி 'நான்' வந்தால், நெஞ்சைத் தட்டித் தட்டிப் பேசுவது போலக் காதில் விழும். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த அறிமுகத்தைத் தமிழில் சொல்கிறவர்களுக்கு இது கட்டாயம் நேரும். ஆங்கில வாக்கியம் எழுவாய் இல்லாமல் நிற்காது, அதனால் அங்கே 'ஐ' யாரையும் உறுத்துவதில்லை. தமிழில் முதல் வாக்கியத்தில் ஒரு 'நான்', பொறுப்பு மாறுகிற இடத்தில் இன்னொன்று. போதும்.

'தான்' இதைவிடக் கூர்மையானது. 'நான் செஞ்சேன்' தகவல். 'நான்தான் செஞ்சேன்' என்றால் வேறு யாரும் செய்யவில்லை என்று வழக்காடுவதாக ஆகிறது. பேசுகிறவர் மனசில் அது இருக்காது. கேட்கிறவர் காதில் அதுதான் நிற்கும்.

ஜூன் 5, வியாழன்

'திமிர்' என்ற பெயருக்குப் பயந்து எதிர்ப்பக்கம் சாய்கிறவர்கள் இன்னும் அதிகம். 'பில் எல்லாம் போட்டாச்சு', 'ரிப்போர்ட் முடிஞ்சிருச்சு', 'பிரச்சினை சரியாயிருச்சு.' வேலை தானாக நடந்தது போலவே இருக்கும். முடிந்தது–முடித்தேன், திருந்தியது–திருத்தினேன், சேர்ந்தது–சேர்த்தேன் என்று நம் மொழியில் வினைகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. அடக்கம் என்று நினைத்து எப்போதும் முதல் வடிவத்தையே எடுத்தால், செய்த ஆள் காணாமல் போய்விடுகிறார். ஆண்டு மதிப்பீட்டில் மேலாளருக்கு அந்த ஆளின் பெயரே நினைவுக்கு வராது.

மூன்று படி. 'முடிஞ்சிருச்சு', 'முடிச்சுட்டேன்', 'நான்தான் முடிச்சேன்.' நடுப்படியில் நின்று பேசப் பழக்க வேண்டும். பயிற்சி எளிது: நேற்று செய்த 10 வேலைகளை எழுதி, ஒவ்வொன்றையும் மூன்று படியிலும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. நாலைந்து நாளில் நாக்கு தானாக நடுவில் வந்து நிற்கும்.

ஜூன் 6, வெள்ளி

நேற்றையதோடு சேர வேண்டிய ஒன்று. 'நாங்க' என்றால் கேட்கிறவர் வெளியே. 'நாம' என்றால் உள்ளே. நேர்காணலில் கல்லூரிக் குழுவைப் பற்றி 'நாங்க செஞ்சோம்' என்பதுதான் சரி. அதே ஆள் வேலைக்குச் சேர்ந்தபின் மேலாளர் முன்னால் 'நாங்க இந்த ஆர்டரை முடிச்சோம்' என்றால், அவரை வாசலில் நிறுத்தியதாக ஆகிவிடும். அங்கே 'நாம' வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

'தற்புகழ்ச்சி கூடாது' என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு நன்னூலைக் காட்டுவது நல்லது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம். எவ்வளவு பெரிய நூலைச் செய்து முடித்தவனும் தன்னைத்தானே புகழ்வது தகுதியில்லை என்று பாயிரத்தில், அதாவது நூலின் முன்னுரையில், கண்டிப்பாகவே சொல்கிறார். அடுத்த சூத்திரத்திலேயே நான்கு இடங்களுக்கு விலக்குக் கொடுக்கிறார்: அரசவைக்கு ஓலை அனுப்பும்போது, 'தன்னுடை ஆற்றல் உணரார் இடையினும்', அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்த நான்கிலும் 'தன்னைப் புகழ்தலும் தகும் புலவோற்கே'.

ஓலை என்பது இன்றைய விண்ணப்பம். நம் திறமை தெரியாதவர்கள் இருக்கும் இடம் நேர்காணல் அறை. நான்காவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நம் வேலையை இன்னொருவர் தன்னுடையது என்று கூட்டத்தில் சொல்லும்போது, அடக்கம் கருதி வாய் மூடி இருந்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் தேநீர்க் கடையில் கொட்டுவது. அதுதான் பொறாமையாகப் பேசப்படும். அந்த இடத்திலேயே, குரல் உயர்த்தாமல் ஒரே வரி: 'அந்தக் கணக்கு மார்ச்சில நான் எடுத்தது சார், கோப்பை அனுப்பி வைக்கிறேன்.' இங்கே 'நான்' வரலாம், அழுத்தியும் வரலாம்.

அதே பாயிரம் இன்னொரு வழியும் காட்டுகிறது. நூலாசிரியனைப் பற்றிச் சிறப்புப்பாயிரம் சொல்ல உரியவர்கள் நால்வர்: அவன் ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், தகுந்த உரைகாரர். பரிந்துரைக்கு யார் பெயரைத் தருவது என்று விழிக்கிறவர்கள் இந்த நால்வரில் முதல் இருவரைப் பிடித்தால் போதும்.

ஜூன் 13, வெள்ளி

ஒரு அறிமுகத் துண்டு. திருத்துவதற்கு முன்:

'என்.எஸ்.எஸ். முகாமை முழுசா நான்தான் நடத்தினேன். எல்லா வேலையும் எனக்குத் தெரியும். எல்லாரும் பாராட்டினாங்க.'

திருத்திய பின்:

'ஏழு நாள் என்.எஸ்.எஸ். முகாம், 50 பேர். மூணு வேளைச் சாப்பாட்டுக் கணக்கு என் பொறுப்பு. ராத்திரியே மறுநாள் எண்ணிக்கையை எடுத்துச் சமையல்காரர்கிட்ட குடுத்தேன். முதல் ரெண்டு நாள் சோறு மிஞ்சுச்சு. மூணாம் நாள்லேர்ந்து காலையிலயும் ஒரு தடவை எண்ணினேன், மிஞ்சுறது நின்னுச்சு. பணக் கணக்கை இன்னொருத்தர் பார்த்தார்.'

இரண்டாவதில்தான் பெருமை அதிகம். ஆனாலும் யாருக்கும் உறுத்தாது. 'எல்லா வேலையும்' என்பதைச் சரிபார்க்க வழியில்லை. 50 பேர், ஏழு நாள் என்பதைக் கேள்வி கேட்டுப் பார்க்கலாம். தன் பொறுப்பு எங்கே முடிகிறது என்று தானே கோடு போட்டுக் காட்டுகிற ஆளை எதிரில் இருப்பவர் நம்புகிறார். பாராட்டைச் சொல்லவே வேண்டாம்; சோறு மிஞ்சுவது நின்றதே பாராட்டு.

சறுக்கலை நடுவில் வைத்திருப்பதைக் கவனிக்கவும். தொடக்கத்தில் வைத்தால் மன்னிப்புக் கேட்பது போலாகிறது, கடைசியில் வைத்தால் அது மட்டுமே மனசில் தங்குகிறது.

'தெரியும்' பற்றி. நேர்காணல் எடுப்பவர் ஒன்றை விளக்கும்போது 'தெரியும் சார்' என்றால் கதவைச் சாத்தியது போல. 'ஆமா சார், ஜிஎஸ்டி பில் போடுற வரைக்கும் செஞ்சிருக்கேன், ரிட்டர்ன் தாக்கல் செஞ்சதில்ல' என்றால் அதே தெரிந்த விஷயம்தான், அளவோடு வருகிறது.

ஜூன் 17, செவ்வாய்

குரல். விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய வீட்டுப் பிள்ளை ஏசி அறையில் அதே அளவில் பேசினால் சண்டைக்கு வந்தது போலிருக்கும். குரலைத் தாழ்த்தச் சொன்னால் தைரியமும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. அதைவிட, கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் பதிலைத் தொடங்கச் சொன்னால் குரல் தானாகவே தணியும். கேள்வியின் வாலை மிதித்துக்கொண்டு பதில் சொல்வதும் இதனால் நிற்கும். 'அதிகப்பிரசங்கி' என்று முத்திரை குத்துவது அந்த மிதித்தல்தான்.

'தப்பா நினைக்காதீங்க' என்று தொடங்கவே வேண்டாம். தப்பாக நினைக்கச் சொல்லி அழைப்பு வைப்பது அது.

ஜூன் 20, வெள்ளி

இவ்வளவும் செய்தபிறகும் சிலருக்கு மட்டும் 'திமிர்' என்ற பெயர் போகாது. அதைப் பேச்சுக் குறை என்று அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம். ஒரே வாக்கியத்தை மேலாளர் சொன்னால் கம்பீரம், புதிதாகச் சேர்ந்த பெண் சொன்னால் வாயாடித்தனம். 'திமிர்' என்ற சொல் எப்போதும் மேலிருந்து கீழே பாய்வது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரை நேரில் அப்படிச் சொல்ல முடியாது. தோள் துண்டை இடுப்பில் கட்டச் சொன்ன, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்ததற்கு அடித்த ஊர்கள் நம்முடையவை. நிமிர்ந்து உட்கார்வதையே குற்றமாகப் பார்த்த கண்கள் அவை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பெயரிலிருந்து போனது பலருடைய காதிலிருந்து இன்னும் போகவில்லை. இதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. மறைத்தால், கிடைக்காத வேலைக்கெல்லாம் தங்கள் வாயையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

எதிர் நாற்காலிக்காரர்களுக்கான குறிப்பு. மதிப்பெண் தாளில் 'திமிர்', 'தலைக்கனம்', 'ஓவர் கான்பிடன்ஸ்' என்று எழுதத் தோன்றினால், அந்தச் சொல்லை எழுதாமல், அப்படித் தோன்றவைத்த வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும். பிறகு இரண்டு கேள்வி: 'அதுல உங்க பங்கு எது?', 'எந்த இடத்துல சிக்கல் வந்துச்சு?' உண்மையிலேயே தலைக்கனம் உள்ளவர் இரண்டாவது கேள்விக்கு மற்றவர் பெயரைச் சொல்வார். வேலை தெரிந்தவர் மூணாம் நாள் காலையில் மறுபடி தலை எண்ணியதைச் சொல்வார். தாளில் எழுத வேண்டியது அந்தப் பதிலை.