காற்றில் ஐந்தில் ஒரு பங்கு: மெழுகுவத்திச் சோதனையும் இரும்புத்தூள் சோதனையும்

காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது என்பதைக் காட்டப் பள்ளிகளில் பெரும்பாலும் செய்யப்படுவது மெழுகுவத்திச் சோதனைதான். தட்டில் நீர் ஊற்றி, நடுவே எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கிறோம். சுடர் அணைகிறது, நீர் குவளைக்குள் ஏறுகிறது, எரிந்து தீர்ந்த ஆக்சிஜனின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டது என்று விளக்கம் தரப்படுகிறது. பார்ப்பதற்கு அழகான சோதனை. விளக்கம்தான் தவறு.

சுடரை விட்டுவிட்டு நீரை மட்டும் கவனித்தால் இது விளங்கிவிடும். ஆக்சிஜன் செலவாவதுதான் காரணமென்றால், மெழுகுவத்தி எரியும் நேரம் முழுவதும் நீர் சீராக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் சுடர் எரியும்வரை நீர் அதிகம் அசைவதில்லை. சுடர் மங்கி அணையும்போதுதான் விறுவிறுவென்று மேலேறுகிறது. குவளையைக் கவிழ்க்கும்போதே சூட்டால் விரிந்த காற்றின் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. விளிம்பின் அடியில் சில வேளைகளில் குமிழிகளையும் பார்க்கலாம். சுடர் அணைந்ததும் உள்ளே எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளியிலுள்ள காற்றழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்திகளை வைத்தால் நீர் இன்னும் உயரமாக ஏறும். குவளைக்குள் இருந்த ஆக்சிஜன் மூன்று மடங்காகிவிடவில்லையே!

இன்னொரு கணக்கும் உண்டு. மெழுகு எரியும்போது நீராவியோடு கார்பன் டை ஆக்சைடும் உண்டாகிறது. நீராவி குளிர்ந்து நீராகிவிடும். ஆனால் மூன்று பங்கு ஆக்சிஜன் செலவானால் ஏறத்தாழ இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது, அது அந்தச் சில நொடிகளில் நீரில் பெரிதாகக் கரைவதுமில்லை. மேலும், ஆக்சிஜன் சுமார் 16 சதவீதமாகக் குறைந்தாலே மெழுகுவத்தி அணைந்துவிடும். அது முற்றிலும் தீரும்வரை எரிவதில்லை. ஆக, எரிதலால் மட்டும் குறையக்கூடிய கன அளவு 2 சதவீதத்தைத் தாண்டாது. நீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறினால், அது தற்செயலாகப் பொருந்திய அளவு என்றே கொள்ள வேண்டும்.

அந்த ஐந்தில் ஒரு பங்கை உண்மையாகவே அளக்க விரும்புவோர் இரும்பைத் துருப்பிடிக்க விட வேண்டும். சோதனைக்குழாயின் உட்புறத்தை நீரால் நனைத்து, இரும்புத்தூளைத் தூவி, சுவரில் ஒட்டிக்கொள்ளுமாறு சுழற்ற வேண்டும். ஒட்டாத தூளைக் கொட்டிவிட்டு, குழாயை முகவையிலுள்ள நீரில் தலைகீழாக நிறுத்தி, நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு ஓரிரு நாட்கள் விட்டுவைத்தால் போதும். இரும்புத்தூளுக்குப் பதில் எஃகு நாரையும் பயன்படுத்தலாம். அதன் எண்ணெய்ப் பூச்சு போக முதலில் வினிகரில் ஊறவைத்து அலச வேண்டும். பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான துருப்பிடிக்காத நாரை வைத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. அது துருப்பிடிக்காமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது.

துரு திடப்பொருள், எடுத்துக்கொண்ட ஆக்சிஜனுக்கு ஈடாக எந்த வாயுவையும் அது திருப்பித் தருவதில்லை. மாற்றம் மெதுவாக நடப்பதால் சூட்டால் வரும் பிழையும் இல்லை. குழாயில் காற்று 15 செ.மீ. உயரம் இருந்தால் நீர் சுமார் 3 செ.மீ. ஏறி நின்றுவிடும். அளக்கும்போது குழாயைத் தூக்கியோ தாழ்த்தியோ உள்ளும் வெளியும் நீர்மட்டத்தைச் சமப்படுத்திக்கொள்வது நல்லது. அறையின் வெப்பநிலை 3 டிகிரி மாறினாலே காற்றின் கன அளவு 1 சதவீதம் மாறும் என்பதால், இரும்பு இல்லாத இன்னொரு குழாயையும் பக்கத்தில் நிறுத்திவைக்க வேண்டும். மாணவர் ஆக்சிஜன் 18 சதவீதம் என்று அளந்துவிட்டுப் புத்தகத்தில் உள்ளபடி 21 என்று எழுதுவதைவிட, 18 என்றே எழுதி அதற்கான காரணத்தைத் தேடுவதையே நான் விரும்புவேன்.

குழாயில் மிஞ்சிய வாயுவுக்குள் எரியும் குச்சியை நுழைத்தால் அணைந்துவிடும். இதைக் கொண்டே ‘நைட்ரஜன் நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதிவிடுவது அவசரம். எரிதலுக்குத் துணைபோகாத வாயு என்பது மட்டுமே இதில் தெரிகிறது; கார்பன் டை ஆக்சைடும் குச்சியை அணைக்கும். டேனியல் ரூதர்போர்டு 1772-ல் நைட்ரஜனைப் பிரித்தறிந்தபோதும், கார்பன் டை ஆக்சைடை நீக்கிய பிறகு மிஞ்சியதைத்தான் தனி வாயுவாகக் கண்டார். அந்த மிச்சத்துக்குள்ளும் ஒன்று ஒளிந்திருந்தது. 1785-ல் கேவண்டிஷ், ஆக்சிஜன் சேர்த்துத் தொடர்ந்து மின்பொறி பாய்ச்சியும் வினைபுரியாமல் நின்றுவிட்ட ஒரு சிறு குமிழியைக் குறித்துவைத்தார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், வேதிப்பொருட்களிலிருந்து தயாரித்த நைட்ரஜனைவிட ஏறத்தாழ அரை சதவீதம் கனமாக இருப்பதை ரேலி கவனித்த பிறகுதான், அவரும் ராம்சேயும் 1894-ல் அந்த ஒளிந்திருந்த வாயுவை ஆர்கான் என்று அறிவித்தார்கள். காற்றில் 0.93 சதவீதம் உள்ள வாயு அது. பள்ளிக் கருவிகளால் அதைக் காட்ட முடியாது.

கார்பன் டை ஆக்சைடின் அளவு சுமார் 0.04 சதவீதம்தான், என்றாலும் அதைக் காட்டுவது எளிது. தெளிந்த சுண்ணாம்பு நீரைத் தட்டில் திறந்து வைத்தால், சில மணி நேரத்தில் மேற்பரப்பில் வெண்ணிற ஏடு படரும். அதே நீரில் உறிஞ்சுகுழல் வழியாக ஊதினால் சற்று நேரத்திலேயே பால்போல் கலங்கிவிடும், ஏனெனில் வெளிவிடும் மூச்சில் அது ஏறத்தாழ 4 சதவீதம் இருக்கிறது. ஊதுபவர் தவறியும் உறிஞ்சிவிடக் கூடாது. கலங்கியதோடு நிறுத்தாமல் மேலும் ஊதச் சொல்லுங்கள்: நீர் மீண்டும் தெளியும், கரையாத கால்சியம் கார்பனேட் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறுவதால்.

மேலே சொன்ன சதவீதங்கள் எல்லாம் உலர்ந்த காற்றுக்கு உரியவை. நீராவியின் அளவு இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறுவதால் பாடநூலின் வட்டப்படத்தில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. அதைக் காட்டப் பனிக்கட்டி போட்ட குவளை போதும். குவளைக்குள் இருக்கும் நீர்தான் கசிந்து வெளியே வந்தது என்று வகுப்பில் யாராவது கட்டாயம் சொல்வார்கள்; உள்ளே இருப்பதில் சிவப்புச் சாயம் கலந்து வைத்தால், வெளியே படிந்த துளிகளில் நிறமே இல்லாததை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.