வங்கி ஏலத்தில் வீடு: விலையைப் பார்க்கும் முன் சாவி யாரிடம் என்று பாருங்கள்

வங்கி ஏலத்தில் வீடு மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் மலிவு என்று யாரும் சொல்வதில்லை. வெளியில் 60 லட்சத்துக்குப் போகும் ஃபிளாட்டுக்கு 45 லட்சம் ரிசர்வ் விலை (ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை) போட்டிருந்தால், மிச்சம் 15 லட்சம் வங்கி கொடுக்கும் தள்ளுபடி கிடையாது. உள்ளே இருப்பவரை வெளியே அனுப்புவது, வழக்கு, பழைய பாக்கி, காத்திருப்பு எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டுவதற்கான கூலி அது. அந்தக் கூலி கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் தாராளமாக இறங்கலாம்.

தமிழ்நாட்டில் வரும் வங்கி ஏலங்களில் பெரும்பாலானவை 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி நடப்பவை. கடன் வாராக் கடனானதும் 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ், பிறகு சொத்தை சுவாதீனம் (வங்கி தன் வசம்) எடுப்பது, அதன்பின் ஏலம். கோர்ட் வாசலை மிதிக்காமலே வங்கி இதைச் செய்யலாம். பொதுத்துறை வங்கிகளின் சொத்துகளை பேங்க்நெட் தளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். தனியார் வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் தங்கள் தளங்களிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு போடுகின்றன.

அறிவிப்பில் விலைக்கு முன் பார்க்க வேண்டியது ‘சுவாதீனம்’ என்ற இடம். நேரடி சுவாதீனம் என்றால் வங்கி பூட்டி சாவியைக் கையில் வைத்திருக்கிறது. அடையாள சுவாதீனம் என்றால் சுவரில் நோட்டீஸ் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. கடன்காரரோ (கடன் வாங்கியவர்) வாடகைக்காரரோ உள்ளேதான் இருக்கிறார். பிந்தைய வகையில், சர்ஃபாசி சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ வங்கி மனுப் போட்டு, உத்தரவு வாங்கி, போலீஸ் துணையோடு காலி செய்ய வேண்டும். 30 நாளில், காரணம் எழுதி வைத்தால் மொத்தம் 60 நாளில், உத்தரவு வர வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும். அடமானத்துக்கு முன்பே பதிவு செய்த குத்தகை உள்ள வாடகைக்காரர் என்றால், குத்தகைக் காலம் முடியும்வரை அவரை அசைப்பதே கஷ்டம். முதல் தடவை வாங்குபவர் அடையாள சுவாதீனத்தில் உள்ள சொத்தைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. விலை எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி.

அடுத்து தேதிகளை எண்ணுங்கள். வங்கி பிசகினாலும் அடி வாங்குபவர் நீங்கள்தான். முதல் ஏலத்துக்கு அறிவிப்புக்கும் விற்பனைக்கும் நடுவே 30 நாள் வேண்டும். அது விலைபோகாமல் மறு ஏலம் வந்தால் 15 நாள் போதும். இரண்டு நாளிதழில் வந்திருக்க வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கடன்காரரின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு, அதாவது டி.ஆர்.டி.க்குப் போவார். வங்கியின் நடவடிக்கையை எதிர்த்து அங்கே போக 45 நாள் அவகாசம் உண்டு. தடை வந்தால் உங்கள் பணம் முடங்கிவிடும். சென்னை, கோவை, மதுரையில் டி.ஆர்.டி. இருக்கிறது, கடன்காரர் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று ஏலத்துக்கு முன்பே தேடச் சொல்லுங்கள். ஏல அறிவிப்பு வெளியான பிறகு கடனைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை கடன்காரருக்கு இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வாங்குபவருக்குச் சாதகம்தான். ஆனால் வழக்குப் போடுவதை அது நிறுத்திவிடாது.

‘உள்ளது உள்ளபடி’ என்ற வரி எல்லா அறிவிப்பிலும் இருக்கும். எதற்கும் பொறுப்பேற்க மாட்டேன் என்று வங்கி சொல்வதாக அர்த்தம். ஆகவே பத்திரம் பார்க்கும் வேலை முழுக்க உங்களுடையது. பதிவுத்துறை தளத்தில் 30 வருஷ வில்லங்கச் சான்று எடுங்கள். அதில் இந்த வங்கியின் அடமானத்தைத் தவிர வேறு வங்கி, கோர்ட் ஜப்தி, வணிகவரி, வருமானவரி என்று எது தெரிந்தாலும் ஏலம் நடத்தும் வங்கி அதிகாரியிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். வருவாய்த்துறை இணையதளத்தில் பட்டாவையும் புல வரைபடத்தையும் எடுத்து, சர்வே எண்ணும் அளவும் அறிவிப்போடு ஒத்துப்போகிறதா பாருங்கள். நிலம் நஞ்சை, புஞ்சை என்று இருந்து விவசாயமும் நடந்தால் விலகிவிடுங்கள். விவசாய நிலத்துக்கு சர்ஃபாசி பொருந்தாது, ஏலமே அடிபடும். மனை என்றால் டி.டி.சி.பி. (நகர ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம் இருக்க வேண்டும். ஃபிளாட் என்றால் பிரிபடாத நிலப்பங்கு (அடுக்ககத்தின் மொத்த நிலத்தில் அந்த ஃபிளாட்டின் பங்கு) எத்தனை சதுர அடி என்பதைப் பாருங்கள். கட்டடம் பழசாகப் பழசாக மதிப்பு நிற்பது அதில்தான்.

நேரில் போய்ப் பார்க்கும்போது அறிவிப்பிலுள்ள நான்கெல்லையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். ‘வடக்கில் காலி மனை’ என்று எழுதியிருக்கும். அங்கே மூன்று மாடி நிற்கும். எல்லை வரிகளைப் பழைய பத்திரத்திலிருந்து அப்படியே காப்பி அடித்திருப்பார்கள். அடமானம் வைத்த மனை ஒன்று, வீடு கட்டியது பக்கத்து மனையில் என்ற விவகாரம் வெளிவருவதும் இந்தச் சுற்றில்தான். மீட்டர் பெட்டியில் இருக்கும் மின் இணைப்பு எண்ணைக் குறித்து வந்து பாக்கியைப் பாருங்கள். அடுக்கக சங்கச் செயலாளரிடம் பராமரிப்புப் பாக்கி கேளுங்கள். வாட்ச்மேனிடம் யார் வந்து போகிறார்கள் என்று கேளுங்கள். வங்கி அதிகாரியை விட வாட்ச்மேன் அதிகம் சொல்வார். இதற்காகத்தான் உள்ளூர்ச் சொத்தாகப் பாருங்கள் என்பது. வண்டியை எடுத்துக்கொண்டு நாலு தடவை போய்வர முடியாத ஊரில் ஏலம் எடுக்காதீர்கள்.

இனி பணம். ரிசர்வ் விலை 40 லட்சம், முன்வைப்புத் தொகை வழக்கமான 10 சதவீதம் என்றால் 4 லட்சம் கட்டி உள்ளே போகிறீர்கள். 44 லட்சத்துக்கு ஏலம் உங்கள் பேரில் முடிகிறது. அன்றைக்கே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள், 25 சதவீதமான 11 லட்சம் ஆகும்படி மீதி 7 லட்சம் கட்ட வேண்டும். பாக்கி 33 லட்சம், விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் மூன்று மாதம்வரை நீட்டிக்கலாம். அதை நம்பி ஏலம் கேட்காதீர்கள். தவறினால் கட்டிய 11 லட்சமும் போகும். 25 சதவீதத்தையும் பறிமுதல் செய்யலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. லோன் போட்டு வாங்க நினைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்: 15 நாளில் லீகல், மதிப்பீடு, அனுமதி எல்லாம் முடிவது அபூர்வம், அடையாள சுவாதீனம் என்றால் பல வங்கிகள் கடனே தராது. ஏலத்துக்கு முன்பே அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும், இல்லையென்றால் முழுப் பணமும்.

ஏலம் ஆன்லைனில் நடக்கும். கடைசி சில நிமிடத்தில் யாராவது ஏற்றினால் நேரம் தானாக நீளும். அந்தச் சூட்டில்தான் கணக்கு தவறும். உங்கள் உச்ச விலையை முதல் நாளே பேப்பரில் எழுதிவிடுங்கள். அதை எழுதும்போது சொத்து வரி, மின்சாரம், பராமரிப்புப் பாக்கிகள், ரிப்பேர், பதிவுச் செலவு எல்லாம் கழித்து எழுதுங்கள். சாதாரண கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஏலத்தில் கிரயப் பத்திரத்துக்குப் பதிலாக வங்கி தரும் விற்பனைச் சான்றிதழுக்கு எவ்வளவு என்பதில் கோர்ட்வரை சண்டை நடந்திருக்கிறது, ஆகவே உங்கள் சார்பதிவாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, பட்ஜெட்டில் 9 சதவீதமே ஒதுக்குங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத டி.டி.எஸ். (விலையிலிருந்தே பிடித்துக் கட்டும் வருமானவரி) பிடிக்க வேண்டும். அதற்குக் கடன்காரரின் பான் எண் தேவை, அதை வங்கியிடம் முதலிலேயே வாங்கி வையுங்கள்.

முழுப் பணமும் கட்டியதும் அதிகாரி விற்பனைச் சான்றிதழ் தருவார். அதோடு மூலப்பத்திரம் உட்பட எல்லா ஒரிஜினலையும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிப் பெறுங்கள். வங்கியின் அடமானத்துக்கு ரத்து ரசீது (அடமானம் நீங்கியது என்ற ஆவணம்) பதிவாகாமல் விட்டுப்போனால் வில்லங்கத்தில் அது அப்படியே நிற்கும். நீங்கள் விற்கப் போகும்போது வாங்குபவரின் வக்கீல் முதலில் கை வைப்பது அதில்தான். சான்றிதழைப் பதிவு செய்த கையோடு ரத்தையும் பதிவு செய்ய வைத்து, புது வில்லங்கம் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டுப் பட்டா, சொத்து வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்குப் போங்கள்.