பத்தே நிமிஷத்தில் கிடைத்த சைன்-ஆஃப்

மென்பொருள் டெஸ்டிங்கில் ஆறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு பிசினஸ் அனலிஸ்ட் (மென்பொருளில் என்ன வேண்டும் என்று கேட்டறிந்து எழுதிக்கொடுப்பவர்) வேலைக்கு மாறினேன். முதல் ப்ராஜெக்ட் உதிரிபாகங்கள் விநியோகிக்கும் ஒரு நிறுவனத்துக்கு. விற்ற சரக்கு திரும்பி வந்தால் அதைப் பதிந்து, சோதித்து, கிரெடிட் நோட் (அதன் தொகையை வாங்கியவர் கணக்கில் வரவு வைக்கும் சீட்டு) போடுகிற வரை கவனிக்க ஒரு மாட்யூல் வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. யூஏடி, அதாவது பயன்படுத்தப் போகிறவர்களே செய்து பார்க்கும் சோதனை, தொடங்கிய முதல் நாளே, பதினோரு மணிக்கெல்லாம் கவிழ்ந்தது. இப்போது லைவ் போய் மூன்று வாரம் ஆகிறது. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கிக்-ஆஃப், ஸ்கோப், ஸ்டேக்ஹோல்டர் (சம்பந்தப்பட்டவர்கள்) பட்டியல், ரேசி அட்டவணை (யார் பொறுப்பு, யாரைக் கலந்து பேசுவது, யாருக்குத் தகவல் சொன்னால் போதும் என்பது) எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்தன. ஒரே ஒரு விஷயம். பட்டியலில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் மேனேஜர்கள். ரிட்டர்ன் மேசையில் உட்கார்ந்து உண்மையில் வேலை பார்க்கிற ஒருவரை, 'தகவல் சொன்னால் போதும்' என்கிற கட்டத்தில் போட்டிருந்தேன். அவரைக் கலந்து பேச வேண்டியவர் என்று குறித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

நடைமுறையை நேரில் பார்க்கலாம் என்று கிடங்குக்குக் கிளம்பினேன். போகவே இரண்டு மணி நேரம். பாதுகாப்புக் காலணி இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். யாரிடமோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனால், அன்று மாதக் கடைசி. எல்லோரும் ஸ்டாக் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "அடுத்த வாரம் வாங்க மேடம்" என்று சொல்லி, ஒரு எஸ்ஓபி (வேலை நடக்க வேண்டிய முறை) ஆவணத்தைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார். அதில் இருந்த நான்கு படிவங்களில் இரண்டு புழக்கத்திலேயே இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அந்த எஸ்ஓபியை வைத்தே ஆஸ்-ஈஸ் வரைபடத்தை (இப்போது வேலை நடக்கும் விதம்) பிபிஎம்என் என்ற வரைபடக் குறியீட்டில் வரைந்து முடித்திருந்தேன். ஸ்விம்லேன் (யார் வேலை எது), கேட்வே (வழி பிரியும் இடம்) எல்லாம் கச்சிதம். அங்கே நடப்பதற்கும் அந்தப் படத்துக்கும்தான் சம்பந்தமில்லை. யாராவது நடைமுறை ஆவணம் கொடுத்தால், "இதன்படி கடைசியாக வேலை நடந்தது எப்போது?" என்று முதலில் கேளுங்கள். மாதக் கடைசியில் எந்தக் கிடங்குக்கும் போகாதீர்கள்.

அடுத்த வாரமும் போகவில்லை. ரிட்டர்ன் மேசைக்காரரோடு போனில் அரை மணி நேரம் பேசினேன். எதைக் கேட்டாலும் "எல்லாம் சிஸ்டத்துலயே இருக்கு மேடம்" என்றார். ஒத்துழைக்காத மனுஷன் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். இப்போது அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால் வெட்கமாக இருக்கிறது. நான் கேட்ட கேள்வி இது: "பில் நம்பர் போட்டுத்தானே பதிவீங்க?" அவர் சொன்ன பதில்: "ஆமா." கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுத்தால் யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? "கடைசியா வந்த ரிட்டர்னை எடுத்துக்கோங்க, அது வாசல்ல வந்து இறங்கினதுலேருந்து சொல்லுங்க" என்று கேட்டிருக்க வேண்டும்.

இந்தத் துறையில் ஐஐபிஏ என்றொரு சர்வதேச அமைப்பு இருக்கிறது. 2003-இல் தொடங்கியது. இந்தத் தொழிலுக்கான அவர்களுடைய பாபாக் வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு 2015-இல் வந்தது. அதைப் படித்துத்தான் ஆரம்பநிலைத் தேர்வு எழுதினேன். நாம் 'ரெக்வயர்மென்ட் கேதரிங்' என்று சொல்வதை அதில் 'எலிசிட்டேஷன்' என்கிறார்கள். பரீட்சைக்கு இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். கேதரிங் என்றால் கீழே விழுந்து கிடப்பதைப் பொறுக்குவது மாதிரி. எலிசிட்டேஷன் என்றால் கறப்பது. ஆளிடமிருந்து விஷயத்தைக் கறப்பது என்று நாம் சொல்வோமே, அதேதான். இரண்டு மாதம் நான் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனாலும் ஒரு இடத்தில் சரியாகக் கறந்தேன், அதைச் சொல்லாமல் விட மனசில்லை. விற்பனை மேனேஜர் "எக்செல் டவுன்லோடு பட்டன் ஒண்ணு கட்டாயம் வேணும்" என்றார். அது ஒரு தேவை அல்ல, அவரே யோசித்துவைத்த தீர்வு. எதற்கு என்று கேட்டேன். தினமும் காலையில் கிளைகளுக்குப் பட்டியல் அனுப்ப. அது எதற்கு? இல்லாவிட்டால் கிளைகளிலிருந்து போன் மேல் போன். எதற்குப் போன் செய்கிறார்கள்? கிரெடிட் நோட் போட்டாச்சா என்று கேட்க. அவ்வளவுதான் விஷயம். கிளைக்காரர்கள் தங்கள் ரிட்டர்ன் எந்த நிலையில் இருக்கிறது என்று தாங்களே பார்க்க ஒரு திரை கொடுத்தோம். பட்டனை யாரும் மறுபடி கேட்கவில்லை. ஐந்து முறை 'ஏன்' கேட்கச் சொல்வார்கள். எனக்கு மூன்றிலேயே கிடைத்துவிட்டது.

முன்னுரிமை கூட்டம் தனிக் கூத்து. தேவைகளை வரிசைப்படுத்தும் மாஸ்கோ முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மஸ்ட் (கட்டாயம்), ஷுட் (வேண்டும்), குட் (இருந்தால் நல்லது), வோன்ட் (இப்போது இல்லை). 1994-இல் டாய் கிளெக் ஆரக்கிளில் இருந்தபோது உருவாக்கியது. பிறகு டிஎஸ்டிஎம் என்ற ப்ராஜெக்ட் செயல்முறை அதை எடுத்துக்கொண்டது. மொத்த உழைப்பில் 60 சதவீதத்துக்கு மேல் மஸ்ட் இருக்கக்கூடாது என்பது டிஎஸ்டிஎம் சொல்லும் அளவு. எங்கள் ஆட்கள் 42 தேவைகளையும் மஸ்ட் என்று குறித்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார்கள். 'வோன்ட்' என்றால் இந்த வெளியீட்டில் இல்லை என்றுதான் அர்த்தம். அவர்கள் காதில் 'எப்போதுமே கிடையாது' என்று விழுந்திருக்கிறது. கேள்வியை மாற்றினேன்: "இது ஒண்ணு மட்டும் தயாராகலைன்னா, லைவ் தேதியைத் தள்ளிவைப்பீங்களா, இல்ல ஒரு மாசம் கையால சமாளிப்பீங்களா?" 42 மஸ்ட் 17 ஆகக் குறைந்தது. 'வேகமா இருக்கணும்', 'ஈஸியா இருக்கணும்' என்பவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவற்றை அப்படியே எழுதிவைத்தால் டெஸ்டர் உங்களைச் சபிப்பார் (நானே சபித்திருக்கிறேன்). 50 பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும்போது பட்டியல் 3 வினாடிக்குள் திறக்க வேண்டும் என்று எழுதினால்தான் அளக்க முடியும்.

64 பக்க பிஆர்டியை (தேவைகளை எழுதிய ஆவணம்) அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் 'அப்ரூவ்டு' என்று பதில் வந்தது. அன்று சந்தோஷப்பட்டேன். 64 பக்கத்தை யாராலும் பத்து நிமிஷத்தில் படிக்க முடியாது என்பது அப்போது உறைக்கவில்லை.

யூஏடிக்கு ரிட்டர்ன் மேசைக்காரர் வந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பில் இல்லாம வந்தா எங்க போடுறது?" பில் எண் கட்டாயப் புலம். அது இல்லாமல் பக்கம் நகராது. கிடங்கு மேனேஜர் உடனே, "பில் இல்லாம வாங்கவே கூடாது. அதான் ரூல்" என்றார். மேசைக்காரர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவர் பார்த்த பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது.

மறுநாள் சொந்தக் காலணியோடு போய், காலையிலிருந்து ஷிஃப்ட் முடியும் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மதியம் வரை ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மேசை டிராயரிலிருந்து ஒரு நீல நோட்டு வெளியே வந்தது. பில் இல்லாமல் வந்தவை, வேறு பாகம் மாறி வந்தவை, இன்ஜினியர் பார்ப்பதற்காகக் காத்திருப்பவை. எல்லாம் தேதிவாரியாக, அவருக்கு மட்டுமே புரியும் சுருக்கெழுத்தில். நான் எழுதிய பிஆர்டியில் இல்லாத விதிகள் அந்த நோட்டில் இருந்தன. பழைய வாடிக்கையாளர் என்றால் பில் வர ஏழு நாள் காத்திருப்பார். புதியவர் என்றால் சரக்கை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். நோட்டை மூடினார். "ஏம்மா, இது எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா அப்புறம் நான் எதுக்கு?"

அவர் ஏன் இரண்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. மழுப்பவில்லை. "உங்க வேலையைப் பத்தி வாக்குக் கொடுக்குற அதிகாரம் எனக்கு இல்ல அண்ணே. ஆனா இப்ப இருக்கிற மாதிரியே லைவ் போனா, வர்ற சரக்கெல்லாம் உங்க மேசையிலதான் குவியும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நோட்டைத் திறந்து, ஒவ்வொரு சுருக்கத்துக்கும் அவரே விளக்கம் சொன்னார். அதற்கப்புறம் நான் 'மேடம்' ஆகவே இல்லை.

அடுத்த சிக்கல், விதிக்கும் வழக்கத்துக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டது. இங்கே ஒரு எச்சரிக்கை. எது சரி என்று அனலிஸ்ட் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நான் செய்தது இதுதான்: நோட்டிலிருந்து ஒரு மாத வரவை எண்ணி, பெயர் எதுவும் குறிப்பிடாமல், மேனேஜர்கள் முன் வைத்தேன். எண்ணைப் பார்த்ததும் ரூல் இளகியது. பில் இல்லாத சரக்குக்கு 'நிறுத்திவைப்பு' நிலை, ஏழு நாள் கெடு, யார் ஒப்புதல் தருவது என்பது வரை முடிவாகி, யார் எப்போது சொன்னது என்ற விவரத்தோடு டெசிஷன் லாகில் (முடிவுகளின் பதிவேடு) ஏறியது. இந்த லாக் இல்லாமல் வேலை பார்க்காதீர்கள். 'நான் எப்போ அப்படிச் சொன்னேன்?' என்ற கேள்வி எனக்கு இரண்டு முறை வந்தது.

இந்த மாற்றங்களுக்கான சேஞ்ச் ரெக்வெஸ்டுக்கு ஐந்து வாரம் கூடுதலானது. இந்த முறை ஆவணம் அனுப்பிக் கையெழுத்து கேட்கவில்லை. வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, மேசைக்கார அண்ணனை அதைப் படிப்படியாக விளக்கச் சொன்னேன். மூன்று அம்புக்குறிகளை அடித்துத் திருத்தினார். மேனேஜர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்!

இரண்டாவது யூஏடி இரண்டு சின்ன பிழைகளோடு முடிந்தது. டிரான்சிஷன் தேவைகளை (பழையதிலிருந்து புதியதுக்கு மாறும்போது மட்டும் வேண்டியவை) த்தான் கிட்டத்தட்டக் கோட்டைவிட்டிருப்பேன். லைவ் போகும் அன்று பாதி வழியில் நிற்கிற ரிட்டர்ன்களை என்ன செய்வது என்று எங்கும் எழுதவில்லை. நீல நோட்டைப் பார்த்து 31 சரக்குகளைக் கையாலேயே ஏற்றினோம்.

போன வாரம் அங்கே போயிருந்தேன். டிராயரில் நோட்டு அப்படியே இருக்கிறது, அன்றைய தேதி வரை எழுதியிருக்கிறார். ஏன் அண்ணே என்றேன். "சிஸ்டம் நின்னுபோச்சுன்னா நான் யார்கிட்டம்மா போய்க் கேட்பேன்?" சிஸ்டம் எவ்வளவு நேரம் நிற்கலாம், நின்றால் மாற்று என்ன என்பது பற்றி என் ஆவணத்தில் ஒரு வரி கிடையாது. மறுநாள் காலையே அதற்கொரு சேஞ்ச் ரெக்வெஸ்ட் போட்டேன். இன்னும் ஒப்புதல் வரவில்லை.