கடைசித் துண்டை விட்டுவிடச் சொன்னேன்

இடது காதில் போனை வைத்தால் குரல் கேட்கும், பேச்சு புரியாது. அப்படித்தான் ஆரம்பித்தது. எம்ஆர்ஐயில் 2.8 செ.மீ. கட்டி தெரிந்தது. உள்காதிலிருந்து மூளைக்குப் போய், உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் நரம்பின் உறையில் வளர்ந்தது, புற்று இல்லை. சிக்கல் என்னவென்றால், முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பும் அதே எலும்புக் குழாய் வழியாகத்தான் போகிறது. கட்டி பெரிதாகும்போது அந்த முக நரம்பு நாடா மாதிரி நசுங்கி, கட்டியோடு ஒட்டிக்கொள்ளும்.

"அந்த நரம்பு எங்கே இருக்கிறது என்று உள்ளே எப்படித் தெரியும்?" என்று மருத்துவரிடம் கேட்டேன். கண்ணோரத்திலும் வாயோரத்திலும் தசைக்குள் மெல்லிய ஊசிகளைப் பொருத்துவார்களாம். சந்தேகமான இடத்தில் துளி மின்சாரம் கொடுத்தால், அது முக நரம்பாக இருந்தால் தசை துடிக்கும், கருவி சத்தமிடும். நரம்பு இழுபட்டாலும் சத்தம் வரும். அதனாலேயே மயக்கம் கொடுத்த பிறகு தசையைத் தளர்த்தும் மருந்தைத் தொடர மாட்டார்கள். தசை செயலற்றுக் கிடந்தால் துடிப்பு எங்கே தெரியும்? இதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பாதி பயம் போனது.

அப்புறம் அவர் கேட்டார்: கடைசித் துண்டு நரம்பை விட்டுப் பிரியவில்லை என்றால்?

விட்டுவிடுங்கள் என்றேன். முழுசாக எடுக்காமல் எதற்கு ஆபரேஷன் என்று வீட்டில் வருத்தம். மெதுவாக வளரும் கட்டி, மிச்சத்தை ஸ்கேனில் கவனிக்கலாம், வளர்ந்தால் கதிர்வீச்சு இருக்கிறது. அந்த முடிவில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

விழித்ததும் "கண்ணை இறுக்கி மூடுங்க, பல்லைக் காட்டுங்க" என்றார்கள். இரண்டும் முடிந்தது. நரம்பின் மேல் மெல்லிய படலத்தை மட்டும் விட்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை வாய் கொப்பளித்த தண்ணீர் ஓரமாக வழிந்தது. அழுதுவிட்டேன். நரம்பு அறுபடவில்லை, இப்படித் தாமதமாக வரும் முக வாதம் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். முகம் எவ்வளவு அசைகிறது என்று மதிப்பிடும் ஹவுஸ்-பிராக்மன் அளவில் 1 என்றால் இயல்பு, 6 என்றால் முழுச் செயலிழப்பு. நான் 4.

அந்த வாரங்களில் கண்ணைக் காப்பதுதான் முழுநேர வேலை. இமை மூடாத கண் உலர்ந்தால் கருவிழியில் புண் வரும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு, இமையை மூடி டேப். ஒரு ராத்திரி டேப் கழன்று, காலையில் கண் சிவந்து மணல் விழுந்தது போல உறுத்தியது. அன்றே கண் மருத்துவரிடம் ஓடினேன். நல்லவேளை, புண் இல்லை. முகத்தைப் போட்டு வலுவாகச் சுளிக்கும் பயிற்சியும் வேண்டாம் என்றார் பயிற்சியாளர். கண்ணாடி முன் மெதுவாக, சின்னச் சின்ன அசைவுகள் மட்டும்.

ஏழாவது வாரம் உதட்டோரம் லேசாகத் துடித்தது. இப்போது 2. அந்தக் காதில் கேட்பதில்லை. ஒரு வருட ஸ்கேனில் மிச்சம் அதே அளவில் இருக்கிறது. அடுத்த ஸ்கேனுக்குத் தேதி வாங்கிவிட்டேன்.