7.3 மில்லி பிளேட்டும் 19 ஸ்பேனரும்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறிய ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு டிராயிங் போட்டுக் கொடுப்பது என் வேலை. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிவதற்குள், தேங்காய்த்திட்டில் நிற்கும் ஒரு விசைப்படகுக்கு, வலை இழுக்கும் கப்பியைத் தாங்கும் பிராக்கெட் ஒன்றை மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. பழையது 12 மில்லி பிளேட்டில் செய்தது, 9.4 கிலோ. வலு குறையாமல் எடையைக் குறைக்க வேண்டும் என்றார் படகுக்காரர். கண்மதிப்பில் முடிக்காமல், இம்முறை வடிவ உகப்பாக்கத்திடம், அதாவது கொடுத்த எல்லைகளுக்குள் மிகக் குறைந்த எடை தரும் அளவுகளைக் கணினியே தேடும் முறையிடம், விட்டுப் பார்த்தேன்.

பரமெட்ரிக் மாடலிங்கில் நாம் வரைவது கோடுகளை மட்டும் அன்று, அளவுகளுக்கிடையே உள்ள உறவையும்தான். துளையின் மையம் விளிம்பிலிருந்து துளை விட்டத்தின் ஒன்றரை மடங்கு உள்ளே இருக்க வேண்டும் என்று ஒருமுறை எழுதிவிட்டால், துளை மாறும்போதெல்லாம் விளிம்பும் சேர்ந்து நகரும். 1963-ல் ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில் செய்து காட்டிய ஸ்கெட்ச்பேட் என்ற வரைவு நிரலிலேயே இந்த எண்ணம் இருந்தது. நான் பயன்படுத்துவது ஃப்ரீகேட் என்ற வரைவு மென்பொருள். அதன் பழைய பதிப்புகளில் ஸ்கெட்சில் ஒரு கோட்டைச் சேர்த்தாலே பொருளின் பக்கங்களுக்கு மென்பொருள் வைத்துக்கொள்ளும் பெயர்கள் இடம் மாறி, ஒரு பக்கத்தில் போட்ட துளை இன்னொரு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். 2024 நவம்பரில் 1.0 வந்த பிறகுதான் அந்தத் தலைவலி பெருமளவு தணிந்தது.

அடித்தட்டின் அகலம், அதன் தடிமன், அதன் மேல் நின்று வலு சேர்க்கும் தகடான ரிப்பின் உயரம், ரிப்பின் தடிமன், ரிப்பின் உள் மூலையில் உள்ள வளைவு ஆரம் என ஐந்து அளவுகளை மாறிகளாக விட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழ் எல்லையும் மேல் எல்லையும் கொடுத்தேன். படகு ஆடும்போது கயிறு பக்கவாட்டில் இழுக்கும் என்பதால் நேர்ச்சுமையோடு சாய்ந்த சுமையையும் சேர்த்தேன். ஆரத்துக்கு மட்டும் கீழ் எல்லையைப் பூச்சியமாக விட்டது தவறு. கூரான உள் மூலையில் மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகப் பொருளைப் பிரிக்கும் சிறு கட்டங்களை, எவ்வளவு நுணுக்கினாலும் தகைவு (பரப்பளவுக்கு விழும் விசை) ஏறிக்கொண்டே போகுமே தவிர, ஓர் எண்ணில் நிற்காது. அதைத் திருத்திய பின் எடை 6.1 கிலோ என்று வந்தது.

மகிழ்ச்சி ஒரு தேநீர் நேரம்தான் நீடித்தது. "சார், ஏழு புள்ளி மூணு பிளேட்டுக்கு நான் எங்க போவேன்?" என்றார் ஃபோர்மேன். அடித்தட்டின் தடிமன் 7.3 மில்லி என்று வந்திருந்தது. கடையில் கிடைப்பது 6, அடுத்து 8. வளைவில் தட்டின் விறைப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது என்பதால், 6-க்கு இறக்கினால் விறைப்பு ஏறத்தாழ 55 சதவீதமாகிவிடும். 8 என்று நிறுத்தி மீண்டும் ஓட்டினேன்.

அப்போதுதான் கவனித்தேன்: ரிப்பின் தடிமன் 6-லும் அடித்தட்டின் அகலம் 90-லும், அதாவது நான் கொடுத்த கீழ் எல்லைகளிலேயே போய் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லையில் போய் நிற்கும் விடை மென்பொருள் கண்டுபிடித்தது ஆகாது, என் ஊகம் எனக்கே திரும்பி வருவதுதான். ரிப்புக்கு 6 என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உப்புக்காற்றில் அதைவிட மெல்லிய தகடு துருவுக்குத் தாங்காது. 90-க்கு எந்தக் காரணமும் இல்லை. எல்லையைத் தளர்த்தினேன், 74-ல் நின்றது. ஆனால் 74-ல் போல்ட்டின் மையத்திலிருந்து ரிப்புக்கு 14.5 மில்லிதான் இருக்கும். வெல்டிங்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் 12 மில்லி போல்ட்டுக்கான 19 மில்லி பாக்ஸ் ஸ்பேனர் உள்ளே இறங்காது. எனவே அந்த இடைவெளி 20-க்குக் குறையக்கூடாது என்று எழுதினேன். அகலம் 85 ஆயிற்று, எடை 6.4 கிலோ. ஆக, அகலத்தை முடிவு செய்தது ஸ்பேனர்.

மாறிகளே வேண்டாம், பொருளை எங்கே வைப்பது என்பதையே கணக்கு முடிவு செய்யட்டும் என்ற வழியும் உண்டு. பென்ட்சோ, கிகுச்சி என்ற இரு ஆய்வாளர்கள் 1988-ல் திறந்துவிட்ட பாதை அது. எலும்பு போல அழகான வடிவங்கள் வரும். கேஸ் கட்டிங்கும் வெல்டிங்கும் மட்டுமே உள்ள பட்டறையில் அவற்றைச் செய்ய முடியாது.

பிராக்கெட் படகில் ஏறிவிட்டது. அடுத்து வந்தவர் 16 போல்ட் கேட்டார். துளை விட்டத்தை 13-லிருந்து 18 என்று ஒரே கட்டத்தில் மாற்றினேன். விளிம்புகள் விலகி, அகலம் தானாகவே 100 ஆயிற்று. பெருமையாக அச்சிட்டுக் கொடுத்தேன். அன்று மாலை ஃபோர்மேன் 24 ஸ்பேனரோடு வந்து நின்றார். அந்த 20 மில்லி இடைவெளியைப் போல்ட்டோடு இணைக்க மறந்திருந்தேன்.