கேன் கணக்கு

மார்ச் 3, 2025, திங்கள்

சென்னை காலடிப்பேட்டையில் மாமாவுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் கடை. போன தீபாவளிக்கு அக்கா என் தலையில் கட்டிய வேலைதான் அந்தக் கணக்கு புரோகிராம். ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிக் கொடுத்தேன். நாலு மாசம் சத்தமில்லை. இன்று ராத்திரி போன்.

"இன்னாடா இது, கேன் குட்டி போட்ருக்கா? நான் வாங்கினது 300. உன் மிஷின் 311 காட்டுது."

அந்தக் கடையில் விதி ஒன்றே ஒன்றுதான். ஃபுல் கேன், காலி கேன், வீடுகளில் இருக்கிற கேன், மூன்றையும் கூட்டினால் 300. உடைந்தால் குறையும், அவ்வளவே. அந்த விதியை நான் கோடில் எங்கேயுமே எழுதவில்லை என்பது பாயில் படுத்த பிறகுதான் உறைத்தது.

மார்ச் 4, செவ்வாய்

ஆள் அகப்பட்டான். நான்தான்.

'இருப்பு' என்று ஒரு கிளாஸ், அதாவது தகவலையும் அதைக் கையாளும் வேலைகளையும் சேர்த்து வைக்கும் பெட்டி. உள்ளே மூன்று எண், மூன்றும் பிரைவேட்: வெளியிலிருந்து நேராகத் தொட முடியாது. ஒவ்வொன்றுக்கும் எடுத்துப் பார்க்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர். ரைட் கிளிக் பண்ணினால் எடிட்டரே போட்டுத் தரும். என்காப்சுலேஷன், அதாவது உள்ளே இருப்பதை மூடிக் காப்பது, முடிந்தது என்று அன்றைக்கு டீ குடிக்கப் போனது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

காலி கேன் செட்டரை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று தேடினேன். ஏழு இடம். ஆறு சரி. ஏழாவது, வீடு மாறிப் போகிறவர் கேனைக் கொடுத்துவிட்டு டெபாசிட்டை வாங்கிக்கொள்ளும் திரை. மூன்று கேன் வந்தால் காலியில் மூன்று கூட்டுகிறது. வெளியே இருப்பதில் மூன்றைக் கழிக்க மறந்திருக்கிறேன். பிப்ரவரியில் நாலு வீடு காலி பண்ணியிருக்கிறார்கள்: 3, 2, 4, 2. ஆக 11 குட்டி.

செட்டர் இருக்கிற வரைக்கும் பிரைவேட் என்பது பேருக்குத்தான். யார் வேண்டுமானாலும் ஒரு எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போகலாம், மற்ற இரண்டைக் கேட்க நாதியில்லை. செட்டர்களை மொத்தமாக அழித்தேன். புரோகிராம் முழுக்கச் சிவப்புக் கோடு. எங்கெல்லாம் கை வைத்திருந்தேன் என்பதைக் புரோகிராமைச் சரிபார்த்து மாற்றித் தரும் கம்பைலரே வரிசையாகக் காட்டிக் கொடுத்தது.

இப்போது கிளாஸுக்குச் செய்யத் தெரிந்த வேலை, அதாவது மெத்தட், நாலே நாலு, மாமா வாயில் வரும் பெயர்களிலேயே: டெலிவரி, ரிட்டர்ன், லோடு, உடைசல். பையன் இரண்டு ஃபுல் கொடுத்து ஒரு காலி வாங்கி வந்தால், ஃபுல்லில் இரண்டு குறையும், காலியில் ஒன்று ஏறும், வெளியே ஒன்று ஏறும். மூன்றும் டெலிவரிக்குள்ளேயே நடக்கும். கடையில் இல்லாத ஃபுல்லைக் கொடுத்ததாகப் போட்டால் எக்ஸப்ஷன், புரோகிராம் அங்கேயே மறுத்துவிடும்.

மார்ச் 6, வியாழன்

வேலை முடிந்து மெட்ரோவில் வரும்போது கணினி விஞ்ஞானி டேவிட் பார்னஸ் 1972-ல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஆறே பக்கம். புரோகிராமை வேலை நடக்கும் வரிசைப்படி வெட்டாதே, பின்னால் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் ஒளித்து வை என்கிறார். வரிகளைச் சுழற்றி அகரவரிசைப்படுத்தும் சின்ன புரோகிராமை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டுகிறார். முதல் விதத்தில், வரிகளைச் சேமிக்கும் முறை மாறினால் எல்லாப் பகுதியையும் தொட வேண்டும். இரண்டாவதில் ஒன்றே ஒன்று. சிமுலா 67 என்ற மொழியில் கிளாஸ் அப்போதே வந்துவிட்டது. ஆனால் அதில் முதலில் பிரைவேட் கிடையாது, உள்ளே இருப்பதை யாரும் தொடலாம்.

சுரங்கத்திலிருந்து ரயில் மேலே ஏறுவதற்குள் படித்து முடித்துவிட்டேன். கேன் கணக்கில், சேமிக்கும் ஃபைலைத் தொடும் கிளாஸ் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். அஞ்சு. வெளியில் சொல்ல வேண்டாம்.

மார்ச் 8, சனி

அக்கா பொண்ணு பிளஸ் ஒன். பாடப் புத்தகத்தில் என்காப்சுலேஷனுக்கு 'உறைபொதியாக்கம்' என்று இருக்கிறது, கிளாஸுக்கு 'இனக்குழு'. "மாமா, பைத்தான்ல பிரைவேட்டே இல்லையாமே?" என்றாள். அந்த மொழியில் இல்லைதான். 'இருப்பு' கிளாஸுக்குள் __காலி என்று எழுதினால் பைத்தான் அதை _இருப்பு__காலி என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்ளும். பழைய பெயரில் தேடினால் கிடைக்காது, புதுப் பெயர் தெரிந்தவன் தாராளமாக எடுக்கலாம்.

நம்ம ஏரியாவே அப்படித்தான் என்றேன். 1717-ல் மெட்ராஸ் கவர்னராக வந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலட்பேட்டைதான் ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. யார் காலடி என்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தாளாம்.

மார்ச் 11, செவ்வாய்

அடுத்த குட்டு. வாடிக்கையாளர் பட்டியல் பிரைவேட், செட்டரும் இல்லை. ஆனால் கெட்டர் அந்தப் பட்டியலையே தூக்கிக் கொடுக்கிறது. பாக்கி ரிப்போர்ட்டில் பாக்கி இல்லாதவர்களை நீக்கிவிட்டு அச்சடிக்கிறேன். நீக்கியது ஒரிஜினலிலிருந்தே. ராத்திரி சேமிக்கும்போது ஒழுங்காகக் காசு கொடுக்கிற 14 வீடும் ஃபைலிலிருந்து காணோம். கடன்காரர்கள் மட்டும் பத்திரம்.

இப்போது கெட்டர் கொடுப்பது நகல். அந்த நகலையும் மாற்ற முடியாது, மாற்றப் போனால் அங்கேயே வெடிக்கும். பட்டியல்தான் நகல், உள்ளே இருக்கிற வாடிக்கையாளர் ஆப்ஜெக்ட், அதாவது ஒவ்வொருவருக்குமான பதிவு, அதே பழைய ஆள்தான். அங்கேயும் செட்டர் இருக்கிறது. நாளைக்கு.

மார்ச் 16, ஞாயிறு

கடையில் நேரில் எண்ணினோம். புரோகிராமில் ஃபுல் 84, காலி 61, வெளியே 155. கூட்டினால் 300. ஜம்மென்று இருந்தேன். கடையில் காலி 58.

"எக்செல்ல தொறந்தா ஃபைல் வருதுடா. 58-னு மாத்திட்டா முடிஞ்சுது" என்றார் மாமா.

"ஐயோ, வேணாம் மாமா." கிளாஸைச் சுற்றி எவ்வளவு வேலி போட்டாலும் ஃபைல் வெட்டவெளியில்தான் கிடக்கிறது. கடையிலேயே உட்கார்ந்து, திறக்கும்போது கூட்டுத்தொகை சரியில்லை என்றால் ஃபைலை ஏற்காதபடி எழுதினேன்.

அப்புறம் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனால், அடிபம்பில் பிடித்த மெட்ரோ தண்ணியோடு இரண்டு கேன். மூன்றாவது கழுத்தறுபட்டு, உள்ளே மணிபிளான்ட்.

கீழே வந்து அக்காவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"ரெண்டை என் பேர்ல எழுதிக்கோ. டெபாசிட் எல்லாம் கேக்கக் கூடாது. செடி இருக்கறது உடைசல்."

புரோகிராமில் இப்போது 299.